மாரியில் ஓயும் நீரிறைக்கும் இயந்திரம்

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் வைகறையைத் துயிலெழுப்பியது துலாவின் ஓசை. துலாவின் மேலேறி ஒருவர் மிதிக்க, கிணற்றடியில் மற்றொருவர் பட்டையைக் கவிழ்க்க, வெங்காயப் பாத்திகளும் புகையிலைக் கன்றுகளும் நீருண்டன. பின்னர் பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் ஓடும் சிறு இயந்திரம் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்திலே இதே இனத்தைச் சேர்ந்த மின்பிறப்பாக்கிகள் பல வீட்டு முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தன.

துலாவைச் சில மாதம் கவனியாது விட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். இயந்திரம் அவ்வாறன்று. ஓடும்போது ஒருவகைக் கவனத்தையும் ஓயும்போது வேறொருவகைக் கவனத்தையும் அது வேண்டி நிற்கின்றது. அதன் எரிபொருளின் ஆவியும் அது கக்கும் புகையும் எங்கே செல்கின்றன என்பதை அறிந்திருத்தல் இரண்டுக்கும் பொதுவான முதற் பாடமாகும்.

ஓய்வுக்கு முன்

ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் தோட்டக்காரரின் இயந்திரத்துக்குப் பல வாரங்கள் வேலையில்லை. பெற்றோலை உள்ளே விட்டபடி அதை மூலையில் வைப்பதே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். பெற்றோல் தனியொரு பொருளன்று. பல திரவங்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலிற் பிரிந்துவிடும். எஞ்சியது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக மாறும். காபுரேற்றரிலுள்ள நுண்ணிய துளைகளை அப்பிசின் அடைத்துவிட்டால், தை மாதத்தில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் உயிர்பெறாது.

ஆகவே முதலில் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பழைய எண்ணெயைச் சூடு ஆறுமுன் வடித்துப் புதிய எண்ணெய் விடுக. பழைய எண்ணெயில் எரிதலின்போது உண்டான அமிலங்களும் நீரும் கலந்திருப்பதால் அது உள்ளுறுப்புகளை அரிக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் வகையாயின், அது கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்வதால் எண்ணெய் மாற்றுவது இன்னும் அவசியம். அத்தகைய இயந்திரத்தை நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிடுவதும் நன்று.

இயந்திரம் முற்றாக ஆறிய பின்னர், வெளியிலே திறந்த இடத்தில், தாங்கியிலுள்ள பெற்றோலையும் காபுரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தேங்கியதையும் வடித்துவிடுக. அடுத்து, சுவிச்சை நிறுத்திவைத்துப் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் சிலிண்டரின் சுவரிலே எண்ணெய் படியும். பிளக்கை மீண்டும் பூட்டியபின், கை இறுக்கத்தை உணரும்வரை கயிற்றை இழுத்து அவ்விடத்தில் நிறுத்துக. நான்கடிப்பு இயந்திரத்தில் அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் மழைக்காலத்து ஈரக்காற்று உட்புகாது.

காற்றுவடியைக் கவனித்தலும் வேண்டும். அது பஞ்சு வகையாயின் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து வைக்கலாம். காகித வகையை நனைத்தலாகாது. தூசியை மெல்லத் தட்டிவிடுதல் போதும்.

எங்கே வைப்பது?

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே பறந்து கலைவதில்லை. நிலத்தோடு நிலமாக ஊர்ந்து செல்லும். அறையின் ஒரு மூலையிற் கசிந்த ஆவி மறு மூலையிலுள்ள அடுப்பையோ குத்துவிளக்கையோ தேடிச் சென்று தீப்பற்றித் திரும்பி வரலாம். ஆதலால் இயந்திரத்துக்கும் பெற்றோலுக்கும் உரிய இடம் குசினியும் அன்று, சாமியறைப் பக்கமும் அன்று. காற்றோட்டமுள்ள தனிக் கொட்டிலே தக்கது.

பெற்றோலைச் சோடாப் போத்தலில் வைக்கும் வழக்கம் மிகக் கொடியது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை அதனுள் இருப்பது எதுவெனப் பார்க்குமா? தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்தலாகாது. அப்போது பெற்றோல் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட கலனைப் பெயரெழுதி, இறுக மூடி, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதே முறை.

கிணற்றுக்குள் ஒரு பகைவன்

இனி, இயந்திரம் ஓடும் காலத்துக்கு உரியதொன்று. பம்பி நீரை உறிஞ்சுவது உண்மையில் வளிமண்டல அமுக்கத்தின் வேலை. அவ்வமுக்கம் நீரை ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்துக்கு மட்டுமே தள்ள வல்லது. நடைமுறையில் 7 மீற்றரளவே கிட்டும். கோடையில் நீர்மட்டம் இதற்குக் கீழே இறங்கியதும், இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கிவிடலாமே என்ற எண்ணம் தோன்றும். கிணறு இறைத்துத் துப்புரவு செய்யும்போதும் இவ்வாறே செய்யத் துணிவர். இதிலேதான் உயிராபத்து உள்ளது.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும்போதே கால்கள் ஏணியில் ஏறும் வலுவை இழந்துவிடும்.

கிணற்றுக்குள் விளக்கை இறக்கி, அது அணையாவிடில் காற்று நல்லது என்று கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒட்சிசன் மிகக் குறைந்திருப்பதை விளக்குக் காட்டலாம், காபனோரொட்சைட்டைக் காட்டாது. மனிதனைக் கொல்லப் போதிய அளவு அந்நச்சுவாயு இருக்கும்போதும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். பெற்றோல் ஆவி தங்கியிருந்தாலோ அவ்விளக்கே தீக்குக் காரணமாகிவிடும்.

கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் அண்ணனோ தம்பியோ பதறிக் குதிப்பது இயல்பு. ஆயினும் அவ்வாறு இறங்கியவரும் அங்கேயே சாய்ந்துவிடுவார். மேலிருந்தே கயிறு வீசி, சுவாசக் கருவியுடைய மீட்புப் படையினரை அழைப்பதே அன்புக்கும் அறிவுக்கும் பொருந்தும். ஆழக் கிணறுகளுக்கு நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியே ஏற்றது. மின்பிறப்பாக்கிக்கும் இவ்விதி பொருந்தும். அதை விறாந்தையிலோ யன்னலருகிலோ வைத்தல் ஆகாது.

இயந்திரத்தோடு வரும் கைந்நூல் பல வீடுகளில் பெட்டிக்குள்ளேயே உறங்குகின்றது. மாணவர்கள் அதை எடுத்து, எண்ணெயின் அளவையும் மாற்றவேண்டிய காலத்தையும் வாசித்துத் தந்தையாருக்கும் பேரனாருக்கும் எடுத்துரைப்பார்களாக. வகுப்பறையிலே அவர்கள் கற்ற வளிமண்டல அமுக்கமும் ஆவியாதலும் வீட்டாரின் உயிரைக் காக்கும் அறிவாக அங்கே பயன் தரும்.