கண்ணாடியை அரிக்கும் வெள்ளை உப்பு
எரியவில்லை என்று இருந்துவிடாதீர்கள்!

பார்த்தால் சர்க்கரை போல இருக்கும். பெயர் அம்மோனியம் பைபுளோரைடு.

நீலசந்திராவில் இருந்து காலையில் டிபன் கேரியருடன் பட்டறைகளுக்கும் சலவை நிலையங்களுக்கும் புறப்படும் தமிழர்கள் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குளியலறை ஜன்னல் கண்ணாடியை மங்கலாக்க இந்த உப்பு உதவுகிறது. அலுமினியத்தைப் பளபளப்பாக்கவும், துணியில் படிந்த துருக்கறையைப் போக்கவும் பயன்படுகிறது. கார் சக்கரம் கழுவும் சில திரவங்களிலும் உண்டு.

தண்ணீரில் கரைந்தால் இதில் இருந்து ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகிறது. அது கண்ணாடியையே அரித்துவிடும். ஆகவே இதைக் கண்ணாடிப் பாட்டிலில் வைப்பதில்லை. பிளாஸ்டிக் கேனில்தான் வைப்பார்கள்.

வலி பிறகுதான் வரும்

மற்ற அமிலம் கையில் பட்டால் உடனே சுரீர் என்கும். இது அப்படி அல்ல. கரைசல் லேசாக இருந்தால் பல மணி நேரம் வலியே இராது. தொழிலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். நள்ளிரவில் வலி தொடங்கும்.

அதற்குள் புளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கும். உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக் கொள்ளும். ரத்தத்தில் அந்தச் சத்து குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பால் பவுடர் என்று நினைத்து...

1942 நவம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநில மருத்துவமனையில், இதே இனத்தைச் சேர்ந்த சோடியம் புளோரைடைப் பால் பவுடர் என்று நினைத்து முட்டையில் கலந்துவிட்டார்கள். கரப்பான் பூச்சிக்காக வைத்திருந்த மருந்து அது. 47 பேர் இறந்தார்கள்.

எனவே இந்த உப்பைச் சாப்பாட்டு டப்பாவிலோ, குடிநீர் பாட்டிலிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். வேறு அமிலத்துடன் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். கெட்டியான ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

பட்டுவிட்டால்?

உடனே குழாயைத் திறந்து நன்றாகக் கழுவுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றுங்கள். வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது.

"ஆசிட் பட்டது" என்று மட்டும் சொன்னால் போதாது. "புளோரைடு பட்டது" என்று சொல்லுங்கள். இதற்குக் கால்சியம் குளுகோனேட் என்ற தனி மருந்து உண்டு. கேனில் உள்ள பெயரை எழுதிக் கொண்டு போவது இன்னும் நல்லது.

அந்த ஒரு வார்த்தை விரலைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும்.