சேலையின் நிறமும் முகத்தின் நிறமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இன்று கடைகளில் மட்டுமன்றிக் கைப்பேசித் திரையிலும் விற்பனையாவதால், தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையைப் படம் பிடிப்பதும், அந்தப் படத்தில் நிறம் மாறாமல் பார்த்துக்கொள்வதும் வியாபாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டன. அரக்கு நிறச் சேலை திரையில் வெறும் சிவப்பாகத் தெரிந்தால் வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே சேலையை உடுத்தி மணவறையில் அமரும் பெண்ணின் முகத்துக்கு இந்தக் கண்டிப்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. திருமண ஆல்பத்தில் பட்டு அசல் நிறத்தில் இருக்க, முகமோ இரண்டு மூன்று படி வெளுக்கப்பட்டு, மயிர்த்துளை ஒன்றுகூடத் தெரியாமல் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடுகிறது. துணிக்குக் கிடைக்கும் நியாயம் முகத்துக்கும் கிடைக்க வேண்டுமானால், படத்தைத் திருத்தும் மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம்.

ஸ்டுடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்று சொல்லும் இந்த வேலை கணினியோடு வந்ததன்று. 1855-இல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல், நெகட்டிவைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அச்சுகளைக் காட்சிக்கு வைத்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் இதற்கென்று ஒரு சாய்மேசை இருந்தது. அதன் நடுவில் பால் கண்ணாடி, அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பும் முகக்கண்ணாடி. நெகட்டிவின் வழுக்கும் பரப்பில் பென்சில் பிடிப்பதற்காக ‘மீடியம்’ எனப்படும் பிசின் கரைசலைத் தேய்த்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் மிகச் சிறிய புள்ளிகளாக இட்டு நிரப்புவார்கள். நெகட்டிவில் ஒளியும் இருளும் இடம் மாறியிருப்பதால், முகத்தில் கருமையாக விழும் சுருக்கம் அங்கே வெளிறிய கோடாகத் தெரியும். அக்கோட்டைப் பென்சில் நிரப்பினால் அச்சில் சுருக்கம் மங்கும். கருமை கூட்ட வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டுவதும் உண்டு. தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களில் இப்படி உருவான குடும்பப் படங்கள் பலவற்றைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் சேகரித்துக் காத்துள்ளது. அக்காலத்தவர் அனைவரும் அளவறிந்து செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பென்சில் மெதுவாகச் செல்லும் கருவி என்பதாலேயே கைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்று ஒரு பொத்தானை இழுத்தால் முகம் முழுதும் நொடியில் மாறிவிடும் என்பதால் அக்கட்டுப்பாட்டை மனிதரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. 1994-இல் அதில் ‘லேயர்’ என்ற வசதி சேர்ந்தது. மூலப்படத்தைத் தொடாமல், அதன் மேல் ஒளிபுகும் தாள்களை அடுக்கி அவற்றில் மட்டும் மாற்றங்களைச் செய்யவும், பிடிக்காத மாற்றத்தை நீக்கவும், பிடித்ததன் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கவும் அது வழி செய்தது. கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. இயல்பான திருத்தத்துக்கு இதைவிட முக்கியமான கருவி வேறில்லை எனலாம்; ஏனெனில் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் போன்றவற்றை முழுதும் அழித்தால் முகம் வேறாகிவிடும், திருத்திய லேயரின் அழுத்தத்தை ஏறக்குறையப் பாதிக்கு இறக்கினால் நன்றாகத் தூங்கி எழுந்த அதே முகம் கிடைக்கும்.

எதை நீக்குவது, எதை விடுவது என்பதே முதல் கேள்வி. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்த பருவும், கொசுக்கடித் தடிப்பும், நெற்றியில் ஒட்டிய முடியிழையும் படம் எடுத்த வேளைக்கு உரியவை; அவற்றை எடுத்துவிட்டால் எவரும் தேடமாட்டார்கள். கன்னத்து மச்சமும், சிறுவயதில் விழுந்த தழும்பும், சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் கோடுகளும் அவருக்கு உரியவை. அவரே கேட்டாலன்றி அவற்றில் கை வைப்பதற்கு இல்லை. தானாகவே குறை தேடி நீக்கும் கருவிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நலங்கு மஞ்சளின் சாயலைத் தவறான நிறமென்றும், மூக்குத்திக் கல்லின் ஒளியைப் புள்ளியென்றும், பாட்டியின் கையில் குத்திய பச்சையை அழுக்கென்றும் அவை கொள்ளக்கூடும்.

நீக்க வேண்டியதை நீக்குவதற்கு 2002-இல் வெளியான ஃபோட்டோஷாப் 7 பதிப்பில் ‘ஹீலிங் பிரஷ்’ வந்தது. அதற்கு முன்பிருந்த ‘குளோன்’ கருவி ஓரிடத்துத் தோலை அப்படியே பெயர்த்து இன்னோரிடத்தில் ஒட்டியது. ஒளி சற்று மாறினாலும் ஒட்டுத் தெரிந்துவிடும். ஹீலிங் பிரஷ், எடுத்த இடத்திலிருந்து மயிர்த்துளைகளின் நுண்வடிவத்தை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. இந்தப் பிரிவினையை முகம் முழுவதற்கும் விரிப்பதே ‘ஃபிரீக்வென்சி செபரேஷன்’ எனப்படும் முறை. படத்தின் ஒரு நகலை மயிர்த்துளைகள் மறையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கினால், நிறமும் வெளிச்சமும் அதில் தங்கும். மூலத்திலிருந்து அந்த மங்கலைக் கழித்தால் எஞ்சுவது தோலின் நுண்வடிவம். திட்டுத்திட்டான சிவப்பையும் கருமையையும் முதலாவதில் சீராக்கி, இரண்டாவதைத் தொடாமல் விட்டால், தோல் சமனாகும், ஆனால் தோலாகவே இருக்கும். ‘ஸ்மூத்’ என்ற பெயரில் கைப்பேசிச் செயலிகள் பலவும் இந்த இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றன. பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. பொறுமை உள்ளவர்கள் இதையும் விட்டு, ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்ற பழைய இருட்டறை முறைகளின் கணினி வடிவத்தைக் கையாண்டு, சிறு சிறு நிழல்களை மெல்லத் தூக்கியும் தாழ்த்தியும் வேலையை முடிப்பார்கள். நேரம் மிகும், விளைவு மற்றெல்லாவற்றிலும் மேலானது.

பட்டு உடுத்தியவரின் படத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பட்டு நூலிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவில் இருப்பதால் அது ஒளியைச் சிதறடிக்காமல் பளிச்சென்று திருப்புகிறது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறுகிறது. சேலையில் பட்டுத் திரும்பும் இந்த நிற ஒளி தாடையின் அடியிலும் கழுத்திலும் விழுவதால், அரக்குச் சேலை உடுத்தியவரின் கழுத்து சிவந்தும், பச்சை உடுத்தியவரின் தாடை நோயுற்றதுபோலவும் படத்தில் தெரியக்கூடும். முழுப்படத்தின் நிறத்தையும் மாற்றி இதைச் சரிசெய்ய முனைந்தால் சேலை கெடும். கழுத்துப் பகுதியை மட்டும் ‘மாஸ்க்’ என்னும் திரையால் பிரித்து, அங்கே மிகுந்துள்ள ஒரு நிறத்தை மட்டும் குறைப்பதே முறை; அதையும் முழுதாக நீக்காமல் சிறிது விட்டுவைத்தால்தான் சேலையும் உடலும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகக் கண் நம்பும். முகத்தை மென்மையாக்கும் திரை ஓரம் மீறினால் ஜிமிக்கியின் முத்தும் தோளில் கிடக்கும் ஜரிகையும் குழைந்துபோகும். இடுப்பையும் கையையும் மெலிதாக்கப் பயன்படும் ‘லிக்விஃபை’ கருவியோ இன்னும் அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும்: உடலை உள்ளே தள்ளும்போது அருகிலுள்ள கரையும் வளைந்து, நேர்க்கோட்டில் நிற்க வேண்டிய தாழம்பூ ரேக்கு நெளிந்துவிடும். தறியில் உட்கார்ந்து அந்த ரேக்கை இழை எண்ணி எடுத்தவர்கள் வாழும் ஊரில் இது கண்ணில் படாமல் போவது கடினம்.

முகத்தை வெளுக்கும் வழக்கத்தைத் தொழில்நுட்பக் கண்ணோடும் பார்க்கலாம். தோலின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மெலனின் என்ற நிறமியும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும். மாநிறத் தோலின் ஒரு புள்ளியில் சிவப்பு 150, பச்சை 105, நீலம் 80 என்ற அளவுகள் இருப்பதாகக் கொண்டால், வெளிச்சத்தைக் கூட்டுவதாக எண்ணி மூன்றோடும் 60-ஐச் சேர்க்கும்போது அவை 210, 165, 140 என்றாகின்றன. நீலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்த சிவப்பு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. நிறச்செறிவு குறைந்து, தோல் சிவப்பாவதற்குப் பதிலாகச் சாம்பல் பூக்கிறது. அதை மறைக்க இளஞ்சிவப்பைக் கூட்டுவார்கள். கையும் கழுத்தும் பழைய நிறத்திலேயே நிற்க, முகம் மட்டும் தனியே மிதக்கும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் வேண்டியது வெளுப்பன்று, வடிவம் காட்டும் ஒளி. கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் இயல்பாக விழுந்த ஒளியைச் சிறிது உயர்த்தி நிழலை நிழலாகவே விட்டால் முகம் துலங்கும்.

குறை மென்பொருளை இயக்குபவரிடம் மட்டும் இல்லை. கோடாக் நிறுவனம் வண்ண அச்சுகளைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது. இங்கோ முகப்பூச்சு விளம்பரங்கள் அந்த வேலையைச் செய்தன. 2009-இல் சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு கருநிறமும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கருநிறத்தவரை மகிழ்ச்சியற்றவராகவோ தாழ்ந்தவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல் விதிமுறை வகுத்தது. 1975 முதல் விற்பனையான முகப்பூச்சு ஒன்று 2020-இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லைக் கைவிட்டது. ஆல்பம் வடிவமைக்கும் மேசைகளுக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை. ‘கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க’ என்ற பெற்றோரின் வேண்டுகோளே அங்கே சட்டம். பாஸ்போர்ட் படத்தில் மட்டும் நிலைமை வேறு. பயண ஆவணங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் தோல் நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்று வலியுறுத்துகின்றன; முகத்தை மென்பொருளால் மாற்றிய படம் நிராகரிக்கப்படலாம்.

செயற்கை நுண்ணறிவு புகுந்த பின் சிக்கல் மறைந்தோரின் படங்களுக்கும் பரவியுள்ளது. குழுப்படத்தின் மூலையில் நிற்கும் தாத்தாவின் கடுகளவு முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். முன்பு ஓவியக்கை தெரிந்தவர் அதை ஊகித்து வரைந்தார். இன்றைய கருவிகள், பல்லாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய கணிப்பால் இல்லாத கண்ணிமையையும் உதட்டையும் இட்டு நிரப்புகின்றன. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பல்ஸ்’ என்ற கருவி, மங்கலாக்கிய பராக் ஒபாமா படத்தைத் தெளிவாக்கும்போது வெள்ளை மனிதர் ஒருவரின் முகத்தை வரைந்தது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. பழகிய முகங்கள் எவையோ அவற்றின் சாயலே விடையிலும் வரும் என்பதால், தென்னிந்திய நெசவாளர் ஒருவரின் முகம் அக்கருவிகளிடம் போனால் கூடுதல் எச்சரிக்கை தேவை. கீறலையும் பூஞ்சைக் கறையையும் நீக்கக் கணினியை விடலாம். கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் மூலப்படம் சொல்லாத எதையும் சேர்க்காமல், மங்கலை மங்கலாகவே விட்டுச் சற்றுச் சிறிய அளவில் அச்சிடுவது நல்லது. திருத்திய படத்தோடு, 600 டிபிஐ அளவில் எடுத்த திருத்தாத ஸ்கேனையும் அதே பென்டிரைவில் போட்டுக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டால், எது தாத்தா, எது கருவியின் ஊகம் என்று பேரப்பிள்ளைகள் பின்னால் ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.