குதிகால் வலிக்கு எதற்கு காமா கேமரா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி ஊன்றும் முதல் அடியிலேயே குதிகாலில் சுரீரென்று குத்தும். நாலு எட்டு நடந்தால் மட்டுப்படும். மத்தியானம் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். நாற்பதைத் தாண்டியவர்கள், ஓட்டக்காரர்கள், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள் எனப் பலருக்கும் பழகிய வலி இது. “எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு வளர்ந்திருக்காம்” என்பார்கள். ஆனால், அந்த முள் போன்ற வளர்ச்சி வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதியிலும் இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கும் எலும்பு அது, பாவம்.

வலியின் ஊற்று பெரும்பாலும் வேறிடம். குதியெலும்பின் அடியில், உட்புற மேட்டில் தொடங்கி விரல்களின் அடிவரை பரவும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. இணைப்புத் திசுவால் ஆன இதுதான் உள்ளங்கால் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. அது எலும்பில் ஒட்டும் இடம் ஓயாத இழுவையில் நைந்துபோகும் நோய்க்கு பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். டாக்டர் அந்த மேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாலே நோயாளி காலை இழுத்துக்கொள்வார். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் பரிசோதனையே வேண்டாம்.

அழுத்திப் பார்த்தும் பிடிபடாத கால்களுக்குத்தான் காமா கேமராவில் எடுக்கும் போன் ஸ்கேன். மாதக்கணக்கில் சிகிச்சைக்கு மசியாத வலி, தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாத மயிரிழை விரிசல் குதியெலும்பில் விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் போன்றவை அதற்குக் காரணங்கள். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, விடியற்காலையில் முதுகும் இறுகுகிறது என்றால், முதுகெலும்பைப் பிடிக்கும் மூட்டுவாதத்தையும் யோசிக்க வேண்டும்.

போன் ஸ்கேனில் நார்ப்பட்டை நேரடியாகத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. ரத்தக்குழாயில் ஏற்றப்படும் மருந்தில் இரண்டு பொருட்கள் பிணைந்திருக்கும். ஒன்று, காமா கதிரை வெளியிடும் டெக்னீசியம்-99எம். 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் செக்ரேயும் பெரியேவும் கண்டறிந்த தனிமம் டெக்னீசியம். இன்னொன்று, எலும்பின் தாதுவில் போய் ஒட்டிக்கொள்ளும் பாஸ்பேட் வகைச் சேர்மம். இந்த ஜோடியை எலும்புப் படத்துக்காக 1971இல் அறிமுகப்படுத்தியவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும். எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில் மருந்து அதிகமாகப் படியும். நார்ப்பட்டை இழுத்து இழுத்துச் சீண்டும்போது அது ஒட்டியிருக்கும் எலும்பு தன்னைச் செப்பனிடத் தொடங்குகிறது. கேமராவில் சிக்குவது அந்த மராமத்து வேலைதான். பக்கத்து வீட்டுச் சண்டையை நம் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலை வைத்துக் கண்டுபிடிப்பதுபோல.

குதிகாலுக்கு மூன்று கட்டமாகப் படம் எடுப்பார்கள். ஊசி போட்ட முதல் நிமிடத்தில், ரத்தம் பாதத்துக்குள் பாய்வதைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வார்கள். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது படம். மருந்து இன்னும் எலும்பில் படியாமல் ரத்தத்திலும் திசுக்களிலும்தான் இருக்கும். அழற்சி இருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கூடுதலாகத் தேங்கும் என்பதால், குதியின் அடியில் நார்ப்பட்டை தொடங்கும் இடம் கருமையாகத் தெரியும். பிறகு நோயாளியைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆனதும் மூன்றாவது படம். பாதத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், குதியெலும்பின் அடியில் அந்த மேட்டில் மட்டும் ஒரு கரும்புள்ளி. விரிசல் என்றால் புள்ளிக்குப் பதிலாக, எலும்பின் உடம்புக்குள்ளேயே அடர்ந்த பட்டை ஒன்று விழும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. விரிசல் விழுந்த காலுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும்.

என் கணக்கில், மூன்றாவது படத்தைவிட இரண்டாவதற்குத்தான் மதிப்பு அதிகம். அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது அதுதான். நாள்பட்ட குதிகால் வலிக்காக அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 50 பேரின் திசு மாதிரிகளைப் பரிசீலித்து 2003இல் வெளியான ஆய்வில், தென்பட்டது பெரும்பாலும் நார்களின் சிதைவுதான். அழற்சிக்கான அடையாளம் இல்லை. அழற்சியைத் தணிப்பதுதான் இந்த வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியின் வேலை என்றால், அழற்சி அடங்கிவிட்ட குதியில் அதைப் போட்டு என்ன பயன்? அந்த ஊசியின் பலனை போன் ஸ்கேனை வைத்து முன்கூட்டியே கணிக்கலாம் என்று 2006இல் ‘ஜர்னல் ஆஃப் நியூக்ளியர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஸ்டீராய்டு ஊசியால் சில சமயம் நார்ப்பட்டையே அறுந்துபோவதும் உண்டு என்பதால், இந்தத் தகவல் சாதாரணமானதல்ல.

அதற்காக எடுத்த எடுப்பிலேயே இந்த ஸ்கேனைக் கேட்டு வாங்கத் தேவையில்லை. கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டில் நார்ப்பட்டையின் தடிமனை அளக்கலாம். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். எம்ஆர்ஐ இன்னும் நுணுக்கமாகக் காட்டும். போன் ஸ்கேனில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. டெக்னீசியம்-99எம்மின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால், மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஸ்கேனுக்கான ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அன்று முழுக்க நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்காமல் இருந்தால் போதும்.