பெயர்ப்பலகையும் வாடகைக்கா?

திருத்தணி மலையடிவாரத்தில் என் பெரியப்பா மகன் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறார். ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 இரவு நடைபெறும் திருப்படித் திருவிழாவுக்கும் அறைகள் தாமாகவே நிரம்பிவிடும். மற்ற நாள்களில் தேடி வருபவர்களை நம்பித்தான் பிழைப்பு. சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு வாரங்கள் முன்பு அவருடைய இணையதளம் திடீரெனத் திறக்கவில்லை.

மாதச் சந்தாவில் அத்தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம் கட்டணத்தை உயர்த்தியது. அண்ணன் சந்தாவை நிறுத்தினார். அவர்கள் தளத்தை நிறுத்தினார்கள். அதுவரை நியாயமே. வேறொருவரிடம் புதிய தளம் அமைக்க முயன்றபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு ஆண்டுகளாக விடுதியின் பலகையிலும் ரசீதிலும் அச்சிட்டு வந்த இணைய முகவரியே அந்நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. “வாடகைக் கடையைக் காலி பண்ணினாக்கூட போர்டைக் கழற்றி எடுத்துக்கிட்டுப் போகலாம். இதுல போர்டும் அவங்களோடதா?” என்று அண்ணன் கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

சந்தா முறையை நான் குறை கூறவில்லை. ஒரே தவணையில் பெருந்தொகை கொடுத்து அமைத்த தளங்கள் பல, அமைத்த நாளோடு கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. மாறிப்போன தொலைபேசி எண்ணைக் காட்டும் தளத்தைவிடத் தளமே இல்லாதது மேல். திருத்தணி போன்ற ஊரில் பராமரிப்பு வேலை இரட்டிப்பு. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லையூர் இது. ஆந்திரத்திலிருந்து வரும் பக்தர்கள் மிகுதி. வாடகையில் ஒரு திருத்தம் என்றாலும் தமிழிலும் தெலுங்கிலும் செய்தாக வேண்டும். கிருத்திகைத் தேதி ஆண்டுதோறும் மாறும். இவற்றுடன் பாதுகாப்புப் புதுப்பிப்பு, நகலெடுத்து வைத்தல் என விடுதிக்காரர் தாமே பார்க்க இயலாத வேலைகளும் உண்டு. இவற்றுக்கு மாதந்தோறும் சிறு தொகை கொடுப்பது அறிவுடைய செலவுதான்.

சிக்கல், அந்தச் சிறு தொகைக்குள் எவையெல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. இணையதளம் என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது உண்மையில் பல உடைமைகளின் தொகுப்பு. முதலாவது முகவரி. ‘.இன்’ முகவரிகளை இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமும், ‘.காம்’ போன்ற பொது முகவரிகளுக்கான விதிகளை ‘ஐகேன்’ என்ற உலக அமைப்பும் கவனிக்கின்றன. முகவரியை வேறு பதிவாளரிடம் மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தேவை. பொது முகவரிகளுக்கு அதைக் கேட்ட 5 நாள்களுக்குள் பதிவாளர் தந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால், கேட்பவர் பதிவேட்டில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும். அண்ணனின் பெயர் அங்கே இல்லை. எனவே விதியும் அவருக்கு உதவவில்லை.

இதைவிட அச்சமூட்டுவது, கேட்பாரற்று விடப்படும் முகவரியின் கதி. ‘.காம்’ முகவரி புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், பின்பு 5 நாள் காத்திருப்பு. அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய ரசீதைப் பார்த்து அறைக்கு முன்பணம் அனுப்பும் பக்தர், அதை யாருக்கு அனுப்புகிறார் என்று எப்படி அறிவார்?

அடுத்தது உள்ளடக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இங்கே ஒரு வேடிக்கையான கோட்டைப் போடுகிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே உரியது என்கிறது 17ஆம் பிரிவு. கணினி நிரலுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டத்தின் பார்வையில் நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. அதன் முதல் உரிமை எழுதியவருக்கு அல்லது அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனத்துக்கு. உரிமை கைமாற வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையொப்பத்துடன் தர வேண்டும். கால அளவைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் மட்டுமே. விடுதி அறைகளின் படங்களை அண்ணன் உரிமையோடு கேட்கலாம். அவற்றைத் தாங்கிய பக்கத்தை அப்படிக் கேட்க முடியாது.

சந்தாப் பணத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்றுத் தேவலாம். 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்தோ யு.பி.ஐ. வழியாகவோ தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விலக முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பதை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளன. வணிக நோக்கில் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், சுயதொழிலால் வயிறு வளர்ப்பதற்காகப் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால், திருவிழா முடிவதற்குள் எந்த ஆணையம் தீர்ப்புச் சொல்லும்?

அண்ணன் மறுபடியும் சந்தா முறையையே தேர்ந்தெடுத்தார். இம்முறை முகவரியைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தாமே பணம் கட்டிப் பதிவு செய்தார். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விலகும்போது படங்கள், எழுத்துகள், நிரல் அனைத்தின் நகலையும் தர வேண்டும் என்று இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தார். புதிய நிறுவனத்தார் முகம் சுளிக்காமல் கையெழுத்திட்டார்கள். பழையவர்களும் கேட்டிருந்தால் இட்டிருப்பார்களோ என்னவோ. தெலுங்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் பழைய வாடகையே இருக்கிறது. நாளை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.