பிரிவதற்கென்று முடுக்கிய மரையாணி

2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தின் இறுதியில், நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து சிட்டி என்னும் எந்திரன் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றியபடி எல்லோரிடமும் விடைபெறுகிறது. அறிவியல் புனைவில் தோழர்கள் பிரியும் காட்சிக்கு நமக்குப் பழகிய வடிவம் இதுதான்: போர் ஓய்ந்தபின், செய்வதற்கு வேலை ஏதும் எஞ்சாத வேளையில், கலங்கிய கண்களோடு. சுஜாதாவின் எந்திர நாய் ஜீனோவைப் படித்து வளர்ந்தவர்கள் ஓர் எந்திரத்துக்காகக் கண் கலங்குவதை இழுக்கென்று எண்ணுவதில்லை. நானும் எண்ணுவதில்லை. ஆனால் பொறியியல் கண்கொண்டு நோக்கினால், சிட்டிக்கு வாய்த்த வசதிகள் பெரிது. கழற்றுவதற்குக் கைகள் இருந்தன, காலம் இருந்தது, காலடியில் அசையாத தரை இருந்தது. விண்வெளியில் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் கலங்களுக்கு இம்மூன்றும் இல்லை. அவற்றின் பிரிவு புறப்படுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே வரைபடத்தில் எழுதப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் பன்முறை ஒத்திகை பார்க்கப்பட்டது.

இந்தப் பொறியியலை விளங்கிக்கொள்ள, திருப்பெரும்புதூர் அருகேயுள்ள மண்ணூரிலிருந்து தொடங்குவது நல்லது. மண்ணூர், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என விரியும் ஆலைநிலத்தின் தொழில் இணைத்தல். மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர ஊர்தி, கைப்பேசி என்று எதைச் செய்தாலும், தனித்தனியே வந்த உறுப்புகள் இங்கே கூடி ஒன்றாகின்றன. மரையாணியை முடுக்கும் பணியாளர் கையிலுள்ள முறுக்குவிசைத் திருகி, குறித்த அளவை எட்டியதும் ‘டக்’கென ஒலி எழுப்பும். அதன்பின் ஆணியின் தலையிலிருந்து அது அமர்ந்த பரப்பு வரை வண்ண மையால் ஒரு கோடு இழுப்பார்கள். பின்னாளில் ஆணி இம்மியளவு தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சரக்குந்து பல இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தாலும் அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும் என்பதே இந்நிலத்தின் தொழில்நெறி.

ஆணியைப் பிடித்து நிறுத்துவது மரையின் இறுக்கம் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில், முடுக்கும்போது எஃகு ஆணி கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. ஆக, ஒவ்வொரு மரையாணியும் இழுத்துக் கட்டிய ஒரு வில். இந்த மீள்விசையைத்தான் விண்கலப் பொறியாளர்களும் நம்பியிருக்கிறார்கள். செயற்கைக்கோளை ஏவூர்தியோடு இணைக்கப் பரவலாகக் கையாளும் முறையொன்றைப் பாருங்கள். கோளின் அடியிலும் ஏவூர்தியின் தலையிலும் ஒவ்வொரு வளையம். இரு வளையங்களின் விளிம்புகளும் பொருந்தி நிற்க, அவற்றைச் சுற்றி ஓர் எஃகு வார்ப்பட்டை. பட்டையின் முனைகளை மரையாணிகள் இழுத்துப் பிடித்திருக்கும். ஏவுதலின் அதிர்வு முழுவதையும் அந்தப் பட்டை தாங்கும். ஆணிகளின் பக்கத்திலேயே சிறிதளவு வெடிமருந்தால் இயங்கும் உளிகள் காத்திருக்கும். ஆணை வந்ததும் உளி பாயும், ஆணி அறும், பட்டை தெறித்து விரியும். வளையங்களுக்கிடையே அமுக்கி வைத்த சுருள்விற்கள் அப்போது நிமிர்ந்து கோளை மெல்லத் தள்ளும்.

மெல்ல என்னும் சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபட்ட ஆணியில் சேர்ந்திருந்த இழுவிசை நொடியின் சிறுபின்னத்தில் விடுபடுகையில் உலோகம் முழுதும் கூரிய அதிர்ச்சி அலை ஓடும். அருகிலுள்ள மின்னணுக் கருவியின் பற்றவைப்பு விரிசல் விடலாம். தெறித்த பட்டையே கோளை அடித்துவிடாதபடி அதைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கொக்கிகள் வேண்டும். சுருள்விற்களுள் ஒன்று மற்றதைவிடச் சற்று முந்தினால் கலம் நேராக விலகாமல் குட்டிக்கரணம் அடிக்கும். ஒரகடத்து ஆலையில் ஆணியைச் சரியாக முடுக்கினால் வேலை முடிந்தது. விண்கலத்திலோ, முடுக்கிய ஆணி உரிய நொடிவரை சற்றும் தளரக்கூடாது. உரிய நொடிக்குப்பின் சற்றும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாது. என் பார்வையில் இணைப்பைவிடப் பிரிப்பே கடினமான கலை.

2023 ஆகஸ்டு 17ஆம் நாள் நண்பகல் கடந்து நிலவைச் சுற்றி நடந்த பிரிவை இப்போது பார்க்கலாம். ஜூலை 14இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 ஏறத்தாழ 3,900 கிலோ எடை கொண்டது. அதில் 2,148 கிலோ உந்துகலம். 1,752 கிலோ விக்ரம் என்னும் தரையிறங்கு கலம். விக்ரமின் வயிற்றுக்குள் 26 கிலோ பிரக்யான் ஊர்தி. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றது இந்த ஆலைநிலத்துக்குக் கிழக்கே, மேற்குத் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையின் பொடியைத்தான் நிலவு மண்ணுக்கு ஈடாகப் பரப்பித் தரையிறக்க ஆய்வுகளை நடத்தினார்கள். விக்ரம் நிலவைத் தொடும் முன்பே சேலம் – நாமக்கல் மண்ணை அறிந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

நிலவின் தரைக்கு மேலே சுமார் 150 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரு கலங்களும் அன்று பிரிந்தன. ஏற்றி வந்ததற்கு உந்துகலத்துக்கு விக்ரம் நன்றி சொன்னதாக இஸ்ரோ நகைச்சுவையோடு அறிவித்தது. செய்தித்தாள்கள் அவ்வரியை விரும்பி எடுத்துக்கொண்டன. எனக்கு அவ்வரியைவிடப் பிரிந்தபின் நிகழ்வது சுவையானது. எடுத்துக்காட்டாக, பாதை நெடுகே நொடிக்குப் பத்துச் சென்டிமீட்டர் வேறுபாட்டில் இரண்டு கலங்கள் பிரிவதாகக் கொள்வோம். எறும்பு ஊரும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். முன்னோக்கித் தள்ளப்பட்ட கலம் முந்திச் செல்லும் என்றுதானே நினைப்போம்? நிகழ்வது நேர்மாறு. கூடுதல் வேகம் பெற்ற கலத்தின் பாதை சற்றே பெரிதாகிறது; பெரிய பாதையைச் சுற்றிவரக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆகவே அது பின்தங்குகிறது. நிலவை ஒருமுறை சுற்ற இரண்டு மணி நேரம் ஆகும் அந்த உயரத்தில், ஒரே சுற்றில் இரு கலங்களுக்கும் இடைவெளி இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். முன்னே தள்ளப்பட்டவர் பின்னே போவதும், பின்னே தள்ளப்பட்டவர் முன்னே போவதும் கெப்ளர் வகுத்த கணக்கு.

நான்கு நாள் கழித்து, 21ஆம் நாள், 2019 முதல் நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2 சுற்றுகலம் விக்ரமோடு தொடர்பு கொண்டது. அந்த மூத்த கலத்தின் வரலாற்றிலும் ஒரு பிரிவு உண்டு. 2019 செப்டம்பர் 2இல் அதைவிட்டுப் பிரிந்த முதல் விக்ரம், 7ஆம் நாள் தரையில் மோதிச் சிதறியது. அதன் சிதறலை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். தம் வீட்டுக் கணினியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு அவர் சுட்டிய இடத்தை ஆராய்ந்து, 2019 டிசம்பரில் நாசா உறுதிசெய்தது. தோழனை இழந்த சுற்றுகலம் நான்காண்டு காத்திருந்து அதே பெயருடைய இன்னொருவனை வரவேற்றது என்று கதை எழுதலாம். எழுதினால் ஆசிரியர், நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் தரையிறங்கியது. சில மணி நேரம் கழித்துப் பிரக்யான் சாய்தளம் வழியே நிலவில் இறங்கியது. இந்தப் பிரிவின் இயல்பு வேறு. பிரக்யானால் புவியோடு நேரே பேச இயலாது. அது அறிந்த ஒரே செவி விக்ரம். நூறு மீட்டருக்கு மேல் ஊர்ந்து திரிந்தாலும் ஒவ்வொரு தகவலையும் விக்ரமிடமே ஒப்படைக்க வேண்டும். செப்டம்பர் 2இல் பிரக்யானைத் துயிலச் செய்தார்கள். மின்கலம் முழுதும் நிரம்பியிருந்தது. 22ஆம் நாள் எழவிருக்கும் கதிரவனை நோக்கிச் சூரியத்தகட்டைத் திருப்பி வைத்தார்கள். அலைவாங்கியை அணைக்காமல் விட்டார்கள். மறுநாள் விக்ரம் தன் பொறிகளை மீண்டும் இயக்கி, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பிப் பக்கத்தில் அமர்ந்தது. பின்னொரு காலத்தில் நிலவிலிருந்து திரும்பி எழ வேண்டிய இந்தியக் கலங்களுக்கான முதல் தவ்வல் அது. 4ஆம் நாள் விக்ரமும் துயின்றது. பதினான்கு புவிநாள் நீளும் இரவில், நிலவின் தென்முனை நோக்கிய அப்பகுதியின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 120 பாகைக்கும் அப்பால் இறங்கும். விடிந்தபின் இரண்டையும் அழைத்துப் பார்த்தார்கள், விடை வரவில்லை. ஒரு நிலவுப்பகல் பணிக்கென்றே வடிவமைத்த கலங்கள் அவை. அதனால் இதைத் தோல்வி என்று எழுதியவர்கள்மீது எனக்கு வருத்தமுண்டு.

நன்றி பெற்றுக்கொண்ட உந்துகலம் என்ன ஆயிற்று? விக்ரமை இறக்கிவிட்ட பிறகும் அதில் நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் எஞ்சியிருந்தது. அக்டோபர் 9இல் பாதையை உயர்த்தி, 13இல் நிலவின் பிடியிலிருந்து விடுபடும்படி உந்தி, அதைப் புவியைச் சுற்றும் பெரும்பாதைக்குக் கொண்டுவந்தார்கள். நிலவுக்குச் சென்ற இந்தியக் கலம் ஒன்று புவியின் சுற்றுப்பாதைக்குத் திரும்பியது அதுவே முதன்முறை. அந்த நீண்ட பாதையில் உலவியபடியே 2025 நவம்பரில் அது மீண்டும் நிலவின் அருகே கடந்து சென்றது. தான் சுமந்து வந்தவர்கள் உறங்கும் தரைக்கு மேலாகச் செல்லும்போது அதற்கு எதுவும் தெரிந்திருக்காது; தெரிந்த நமக்குத்தான் நெஞ்சு கனக்கிறது.

பிரிவதற்கெனச் செய்த கருவி பழுதுபட்ட நிலையிலும் பிரிய வேண்டி வந்ததுண்டு. 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13இன் உயிர்வளிக் கலன் வெடித்தபின், நிலவில் இறங்குவதற்கென்று வைத்திருந்த ‘அக்வேரியசு’ கலத்துக்குள் ஒண்டிக்கொண்டுதான் விண்வெளி வீரர் மூவரும் உயிர் பிழைத்துப் புவியருகே வந்தார்கள். வளிமண்டலத்துள் நுழையுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். வழக்கமாக விலகிச் செல்லப் பயன்படும் உந்திகள் பணிக்கலத்தில் இருந்தவை. அது பழுதாகி ஏற்கெனவே உதறப்பட்டிருந்தது. எஞ்சியது, இரு கலங்களையும் இணைக்கும் சுரங்கவழியில் அடைத்திருந்த காற்று. கொக்கிகள் விடுபடும்போது அந்தக் காற்றே சுருள்வில்லாகித் தள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் மூவரும் அமர்ந்திருக்கும் கலத்தின் கதவு சிதையலாம். குறைந்தால் அக்வேரியசு விலகாமல் கூடவே விழும். எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று டொராண்டோ பல்கலைக்கழகப் பொறியாளர் குழு சில மணி நேரத்தில் கணித்துச் சொன்னது. ஏப்ரல் 17இல் அக்வேரியசு விலகியபோது, கட்டுப்பாட்டு மையம் அதன் பெயர் சொல்லி விடைகொடுத்து நன்றி கூறியது. எந்திரத்திடம் நன்றி சொல்லும் வழக்கம் இஸ்ரோவின் அந்த அறிவிப்புக்கு அரை நூற்றாண்டு மூத்தது.

ஐரோப்பியரின் ரொசெட்டா சுற்றுகலம், அதைவிட்டுப் பிரிந்த பீலே இறங்குகலம் ஆகிய இணையின் கதை இதைவிட இரங்கத்தக்கது. 2014 நவம்பர் 12இல் வால்வெள்ளியில் இறங்கிய பீலே, துள்ளிப் போய் ஒரு நிழற்பிளவில் ஒடுங்கியது. 2015 ஜூலைக்குப்பின் பேசவில்லை. 2016 ஜூலையில் அதன் குரலைக் கேட்கும் கருவியை ரொசெட்டாவில் அணைத்தார்கள். செப்டம்பர் 2இல் ரொசெட்டா எடுத்த படத்தில் பீலே தென்பட்டது. அம்மாத இறுதியில் ரொசெட்டாவையும் அதே வால்வெள்ளியில் இறக்கிப் பணியை முடித்தார்கள்.

விக்ரமுக்கோ முழு அமைதி வாய்க்கவில்லை. அதன் மேற்புறத்தில் நாசா கொடுத்த ஐந்து சென்டிமீட்டர் அகல ஒளித்தெறிப்பி ஒன்று இருக்கிறது. எட்டுக் கண்ணாடிப் பட்டகங்கள். எடை இருபது கிராம். மின்சாரம் வேண்டாம், பேணுதல் வேண்டாம். எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 2023 டிசம்பர் 12இல் நாசாவின் நிலவுச் சுற்றுகலம் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாய்ச்சிய சீரொளிக்கு அது மறுமொழி தந்தது.

இனி வரப்போவது இதுவரை கண்டவற்றைவிடச் சிக்கலான பிரிவு. அதற்கு முன்னோட்டமாக, 2024 டிசம்பர் 30இல் இஸ்ரோ ஏவிய இசுபேடெக்சு இணைக்கோள்கள், தலைக்கு 220 கிலோ, 2025 சனவரி 16இல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. மார்ச் 13இல் பிரிந்தன. கோத்த நாள் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. பிரிந்த நாளுக்கு அத்தனை கொண்டாட்டம் இல்லை. அது முறையன்று என்பேன், ஏனெனில் நிலவு மண்ணைப் புவிக்கு எடுத்துவரவிருக்கும் சந்திரயான்-4 கோருவது இரண்டையுமே. 2024 செப்டம்பரில் நடுவணரசு இசைவளித்த அத்திட்டத்தில் ஐந்து கலங்கள் இரு ஏவூர்திகளில் செல்லும். அவற்றுள் ஏறுகலம் நிலவு மண்ணைச் சுமந்து எழும்போது, தன்னைத் தாங்கி நின்ற இறங்குகலத்தைத் தரையிலேயே விட்டுவிட வேண்டும். அப்பல்லோவில் இதைச் செய்தபோது, மேற்கலத்தின் பொறி எரியத் தொடங்கும் வேளையில் நான்கு மூலை ஆணிகளும் அறுபட்டாக வேண்டும், இரண்டுக்குமிடையே ஓடிய கம்பிக்கற்றையை வெடிமருந்தால் இயங்கும் வெட்டுக்கத்தி துண்டித்தாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சந்திரயான்-4இல் அருகே நின்று பார்க்க மனிதர் எவரும் இருக்கமாட்டார்கள். தரை எப்பக்கம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதும் இறங்கிய பிறகே தெரியும். சாய்ந்த தளத்தில் ஒரு மூலையின் ஆணி மற்றவற்றுக்குப் பின்தங்கி அறுந்தால் ஏறுகலம் எவ்வளவு புரளும், புரண்டதை எத்தனை நொடிக்குள் உந்திகள் நிமிர்த்த வேண்டும் என்னும் கணக்கை, பல சாய்வுகளில் திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்துத்தான் தேற வேண்டும்.