மாற்றார் ஏட்டில் மறைஞானம்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து இதழில் சில கடிதங்களை வெளியிட்டது. பிரம்ம ஞான சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், அடையாற்றில் தம் இல்லப் பணிகளை மேற்பார்த்து வந்த கூலோம் அம்மையாருக்கு எழுதியன அவை எனப்பட்டன. அடையாற்று மாளிகையின் ஓர் அறையில் ஒரு பேழை இருந்தது. இமயத்து மகாத்துமாக்கள் விடுக்கும் திருமுகங்கள் அதனுள் தாமே வந்து தோன்றும் என்பது சபையார் நம்பிக்கை. அத்தோற்றங்கள் முன்னரே சூழ்ந்து செய்யப்பட்டவை என்று அக்கடிதங்கள் காட்டின. அம்மையாரோ அவை பொய்யாகப் புனையப்பட்டவை என மறுத்தார். அதிசய நிகழ்ச்சிகளை ஆராயும் இலண்டன் சங்கம் ஒன்று ஹாட்ஜ்சன் என்பாரை அனுப்பிற்று. அவர் அம்மையாரை வஞ்சகர் என்றே முடிவு கட்டினார். அம்முடிவு 1885-இல் வெளிவந்தது. நூறாண்டு கழித்து, 1986-இல், அதே சங்கத்தின் ஏடு, ஹாட்ஜ்சன் ஆராய்ந்த முறை நடுநிலை பிறழ்ந்தது எனக் காட்டும் வெர்னான் ஹாரிசனின் கட்டுரையை வெளியிட்டது.

நிற்க. "பொய்யர் யாவர்?" என்னும் வினாவை விடுத்து, வேறு வினாக்களோடு இத்தகைய பொருள்களை அணுகும் ஆராய்ச்சித் துறையொன்று ஐரோப்பிய சர்வகலாசாலைகளில் எழுந்துள்ளது. பாரிஸ் நகரில் 1965-இலும், ஆம்ஸ்டர்டாமில் 1999-இலும் இதற்கெனப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. ஹெர்மீஸ் என்னும் முனிவர் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்கள், இரசவாதம், யூதரின் கபாலாவைக் கிறிஸ்தவர் தழுவிய வகை, பிரம்ம ஞான சபை ஆகிய இவை யாவும் இதனுள் அடங்கும். இதனை மேனாட்டு மறைஞான ஆராய்ச்சி எனலாம். மறை என்பது மறைத்தலையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். ஐரோப்பிய மொழிகளுக்கு இவ்விரட்டைப் பொருள் வாய்க்கவில்லை. இத்துறையினர் மறைஞானியரை நம்புவதும் இல்லை, பழிப்பதும் இல்லை. ஒருவர் எதனை நம்பினார், அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதனாற் பின் என்ன விளைந்தது என்றே ஆராய்வர்.

இதில் வியப்பு யாதெனின், இத்தனை வேறுபட்ட கொள்கைகளையும் ஒரே கூட்டமாக முதலில் தொகுத்துக் காட்டியோர் அவற்றின் பகைவரே என்பது. கோல்பெர்க் என்னும் லூத்தரன் சமயத்தார் 1690-இலும் அடுத்த ஆண்டிலும், இவை கிறிஸ்து நெறியைக் கெடுக்க வந்த நச்சு வேர்கள் என ஒரு கண்டன நூல் செய்தார். அவர் வேலியிட்டு ஒதுக்கிய நிலமே இன்று இத்துறையார் உழும் நிலம். இதனை விரித்துரைத்தவர் ஹானெக்ராஃப் என்னும் பேராசிரியர். அவர் நூல் 2012-இல் வெளிவந்தது.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. குண்டலகேசி இறந்துபட்டது, தனியே கிடைத்த செய்யுட்கள் பத்தொன்பதே. அப்பௌத்த நூலின் வாதங்களை நாம் அறிவது, அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியாலும் அதன் உரையாலுமே. ஆசீவகர் கொள்கையும் அவ்வாறே மாற்றார் வாயிலாகவே பெரிதும் வந்து சேர்ந்தது. நீலகேசி இன்றேல் குண்டலகேசியும் இல்லை! கூலோம் கடிதங்களின் மூலங்களும் இன்று கிடைத்தில. நமக்கு எஞ்சியவை மாற்றார் அச்சிட்ட படிகளே. ஆகவே கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையைத் தீர்ப்பாகக் கொள்ளாது, நீலகேசியைப்போல் ஒரு சான்றாகக் கொண்டு படித்தலே தக்கது.

அங்ஙனம் படிப்பார்க்கு ஒரு செய்தி கண்ணிற் படும். 1884-ஆம் ஆண்டு இறுதியில் அம்மையார் ஐரோப்பாவினின்றும் சென்னைக்கு மீண்டபோது, மாணாக்கர் திரண்டு வரவேற்பிதழ் வாசித்தனர். அவருள் அக்கிறிஸ்தவக் கல்லூரி மாணாக்கரும் இருந்தனர். தம் ஆசிரியர் வெளியிட்டதை அவர்கள் படியாதவர் அல்லர். அவர்களைக் கவர்ந்தது பேழையன்று என்பது எம் கருத்து. உம் முன்னோர் நூல்கள் போற்றத்தக்கன என்று வெளிநாட்டார் இருவர், அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும், வந்து சொன்னதே. அடையாற்றில் 1886-இல் எழுந்த நூல்நிலையத்தில் ஏட்டுச்சுவடிகள் குவிந்தமையும், 1898-இல் அயோத்திதாச பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியமையும் அதன் தொடர்ச்சியே. கடிதங்கள் மெய்யாயினும் பொய்யாயினும் இவ்விளைவுகள் மெய்.

மேனாட்டு என்னும் அடைமொழி பொருந்துமோ என்பதும் இப்போது வழக்காடப்படுகின்றது. சென்னைப் பகுதித் தமிழ் யோகியாகிய சபாபதி சுவாமிகளைக் குறித்துக் கீத் காண்டூ என்பார் 2023-இல் ஒரு நூலே வெளியிட்டுள்ளார். அவ்வாறாயின் நம் கொங்கு நாட்டுக்கும் இத்துறையில் இடம் உண்டு. சிங்காநல்லூர்ப் பக்கத்தினின்று தைப்பூசத்திற்குக் காவடியெடுத்து நடப்போர், பழனித் திருவுருவைப் போகர் நவபாஷாணத்தாற் செய்தார் என்பர். அவரோடு வாதிடுவதால் ஆவதொன்றுமில்லை. ஹெர்மீஸ் நூல்கள் மோசேயின் காலத்துப் பழமை உடையன என ஐரோப்பியர் எண்ணியிருக்க, 1614-இல் கசோபன் என்னும் புலவர் அவற்றின் சொல்லாட்சியைக் கொண்டே அவை கிறிஸ்துவுக்குப் பிற்பட்டவை என நிறுவினார். போகர் பெயரால் வழங்கும் பாடல்களையும் அவ்வாறு சொல்சொல்லாக ஆராய்ந்து, நவபாஷாணக் கதை எந்நூலில் முதற்கண் தலைகாட்டுகின்றது என்று தேடலாம். இலக்கணம் கற்ற நம்மவரே செய்யத்தக்க வேலை அது.