மீன்கொத்திப் படையின் விமானம்



வேலை முடிந்து வீடு திரும்பும்போது, பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து விமானச் சண்டை விளையாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வார் தண்டர் என்பது அத்தகைய விளையாட்டுகளில் ஒன்று. அதில் வரும் ஜப்பானியப் போர் விமானங்களில் ஒன்றின் பெயர் நக்காஜிமா கீ-44. இந்த விமானத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கொல்லர் ஒருவர் பால் வெட்டும் கத்தியைப் புது மாதிரியில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் ஆயிரம் கத்தி செய்துவிடுவாரா? மாட்டார். இரண்டொன்று செய்து, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து, மரத்தில் வெட்டிப் பார்க்கச் சொல்வார். விமானத்திலும் இதே முறைதான். அப்படி முதலில் செய்து பார்ப்பதற்கு முன்மாதிரி என்று பெயர்.

கீ-44இன் முன்மாதிரி 1940இல் முதன்முதலாகப் பறந்தது. அக்காலத்து ஜப்பானிய விமானிகள், சட்டென்று வட்டமடித்துத் திரும்பும் இலேசான விமானங்களையே விரும்பினர். ஹயபூசா என்ற விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 22 சதுர மீட்டர். கீ-44க்கோ 15 சதுர மீட்டர்தான். ஆனால் முன்பக்கத்தில் குண்டுவீச்சு விமானத்துக்குரிய பெரிய எஞ்சின். பலன் என்ன? வேகமாக மேலேறும், கல்லைப் போல் விரைந்து கீழே பாயும். ஆனால் வட்டமடிப்பதில் பின்தங்கும், தரையிறங்கும்போதும் வேகம் குறையாது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள விஞ்ஞானம். பிள்ளைகள் விளையாட்டிலும் இதைக் கண்டுகொள்கிறார்கள்.

இந்தப் புது விமானத்தைப் போர்க்களத்தில் சோதிக்க, ஒன்பது விமானங்களுடன் ஒரு சிறு படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதற்குக் கவசெமி என்று பெயர். நம் மொழியில் மீன்கொத்தி. சிறிய இறக்கையுடன் செங்குத்தாகப் பாயும் பறவையின் பெயர் பொருத்தந்தானே! 1941 டிசம்பரில் சைகோனுக்கு வந்த அப்படை, 1942 ஜனவரியில் மலாயா, சிங்கப்பூர் வானில் போரிட்டது. ஏப்ரலில் ஜப்பானுக்குத் திரும்பியது. பின்னர் இவ்வகை விமானங்கள் ஏறக்குறைய 1,200 செய்யப்பட்டன.

அவர்களுக்கு அது சோதனை. கீழே இருந்த நம்மவர்க்கோ அது வாழ்க்கை. 1941 டிசம்பரிலேயே வடக்கிலிருந்து போர் நம் பேராக்கை நெருங்கியது. பிரிட்டிஷ் விமானங்கள் பட்டர்வொர்த்திலிருந்து, கமுந்திங்கை அடுத்துள்ள தைப்பிங்குக்குப் பின்வாங்கின. ஈப்போவில் இறங்கிய ஆஸ்திரேலியப் படையின் பஃபலோ விமானங்களும் சில நாட்களில் தெற்கே சென்றுவிட்டன. விமானங்கள் போயின. தோட்ட மக்கள் எங்கே போவார்கள்? அடுத்த ஆண்டுகளில் ஆயிரமாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை.

விளையாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகிறான். உண்மை அப்படியல்ல. 1941 டிசம்பர் 9ஆம் நாள் ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்டார். அவர் மேலெழும்பிய வேளையில், தரையில் நின்ற மற்ற விமானங்கள் குண்டுவீச்சுக்கு இரையாயின. அவர் தனியாகவே சிங்கோராவுக்குச் சென்று தாக்கினார். படுகாயத்துடன் அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கி, உடன் வந்த இருவரையும் காப்பாற்றிவிட்டு உயிர்நீத்தார். வயது 28. அவர் கல்லறை தைப்பிங் போர் மயானத்தில் இருக்கிறது. இந்தியப் போர்வீரர்களும் அங்கே துயில்கிறார்கள். பெயர் தெரியாதவர்களின் கல்லறைகளும் பல உண்டு.

பெற்றோரே, பிள்ளை விளையாடுவதைக் கண்டதும் திட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து, "இந்த விமானம் ஏன் இப்படிப் பாய்கிறது?" என்று கேளுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தைப்பிங் மயானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி சொன்ன ஜப்பான்காரன் காலத்துக் கதைகள் இருந்தால், அவற்றையும் அங்கே சொல்லுங்கள். விமானத்தின் வேகத்தை விளையாட்டு கற்றுக்கொடுக்கும். அதன் விலையை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.